சதுரங்க ஆட்டங்களை அனுப்புவதும் அச்சிடுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாடசாலைச் சதுரங்கப் போட்டிகளின் முடிவுகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் தவறாமல் தருகிறது. எந்தப் பாடசாலை, எத்தனை புள்ளி, எந்த வயதுப் பிரிவு என்ற விபரங்களும் கிண்ணத்தோடு பிள்ளைகள் நிற்கும் படமும் வருகின்றன. அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் மட்டும் வருவதில்லை. 40 நகர்த்தலில் முடிந்த ஓர் ஆட்டத்தை முழுதாக அச்சிட ஒரு பத்தியில் பதினைந்து வரி போதும். வாரத்துக்கு ஓர் ஆட்டமும் ஒரு பலகைப் படமும் போட்டால் வடக்கில் சதுரங்கம் பழகும் பிள்ளைகளுக்கு அது பேருதவியாக இருக்கும். ஆனால் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஆட்டம் குழம்பிவிடும். ஆகவே அனுப்புவோரும் அச்சிடுவோரும் கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறோம். வட்ஸ்அப், வைபர் குழுக்களில் ஆட்டங்களைப் பகிரும் பெற்றோருக்கும் பயிற்றுநர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலில் எழுத்துரு. எங்கள் அச்சகங்களிலும் கணினிகளிலும் பாமினி இன்னும் பரவலாகப் புழங்குகிறது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் இருக்கின்றன. எனவே பந்தி முழுவதையும் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினால் நகர்த்தல்களும் சேர்ந்து மாறும். பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரலின் (மேல்கீழ் வரிசை) ஆங்கில எழுத்தும் நிரையின் (குறுக்கு வரிசை) இலக்கமும் சேர்ந்த பெயர் உண்டு. ஈ4 என்பது ‘ந4’ ஆகும். டி4 என்பது ‘ன4’ ஆகும். ஏ நிரல் முழுவதும் ‘ய’ ஆகிவிடும். எச் நிரலில் வெறும் அரவுதான் மிஞ்சும். குதிரை எஃப்3க்குப் போவதைக் குறிக்கும் எழுத்துகள் ‘கே3’ என்று அச்சாகும். அதைப் பார்க்கும் பிள்ளை ராஜாவின் நகர்த்தல் என்றே நினைக்கும், ஏனென்றால் ராஜாவுக்கான எழுத்து கே. பக்க வடிவமைப்பாளர் நகர்த்தல் வரிகளை மட்டும் தனியாகத் தெரிவுசெய்து ஆங்கில எழுத்துருவில் விட வேண்டும். தலைப்புக்கும் விளக்கத்துக்கும் பாமினி இருக்கலாம். இந்தக் கடிதத்தில் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது அனுப்புவோரின் பக்கம். இப்போது பெரும்பாலும் வருவது, ஆடுபவர் நகர்த்தல்களை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டைக் கைத்தொலைபேசியில் எடுத்த படம். அதை அப்படியே அச்சிடவும் முடியாது, மற்றவர்கள் ஆடிப்பார்க்கவும் முடியாது. யாராவது ஒருவர் அதைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பலகையில் வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலையை அனுப்புபவரே, ஆடிய பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. பிழையைத் தீர்த்துச் சொல்லக்கூடியவர் அந்தப் பிள்ளை ஒருவர்தான்.

ஸ்கோர் ஷீட்டில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கறுப்புக் காய்களோடு ஆடும் சிறுவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணிவிடுவார்கள். அப்போது டி5 என்று எழுத வேண்டியது ஈ4 என்றாகும், எஃப்6 என்பது சி3 ஆகும். கறுப்பின் நகர்த்தல்கள் தொடக்கத்திலிருந்தே பொருந்தாமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அவசரத்தில் எழுதிய சிறிய பி 6 போலவும், ஜி 9 போலவும், 1 என்பது 7 போலவும் தெரியும். சதுரங்கப் பலகையில் 9 கிடையாது என்பதால் ஜி விடயம் உடனே பிடிபடும், மற்றவை பிடிபடா.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒரே கட்டத்துக்கு இரண்டு குதிரைகளோ இரண்டு கோட்டைகளோ போகக்கூடிய இடம். பி1இலும் எஃப்3இலும் குதிரைகள் நிற்கும்போது வெறுமனே ‘குதிரை டி2’ என்று எழுதினால் எந்தக் குதிரை என்று தெரியாது. புறப்படும் நிரலின் எழுத்தை நடுவில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நிரலில் நின்றால் நிரையின் இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். தவறான காயை நகர்த்தினால் அந்த இடத்தில் ஒன்றும் நடக்காது. பத்து, பதினைந்து நகர்த்தல் தள்ளித்தான் முட்டும். 31ஆம் நகர்த்தலை மென்பொருள் ஏற்காமல் நின்றால் பிழை 31இல்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு காய்களுக்கு வழி இருந்த கடைசி இடம் வரை பின்னால் போய், மற்றக் காயை நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலான ஆட்டங்கள் அங்கேயே சரியாகிவிடும்.

கடைசிப் பகுதி எழுதப்படாமல் இருப்பதும் சாதாரணம். ஒரு நகர்த்தலுக்கு 30 விநாடியோ அதற்கு மேலோ சேர்க்கப்படாத போட்டியில், கடிகாரத்தில் 5 நிமிடத்துக்குக் குறைவாக இருப்பவர் எழுதத் தேவையில்லை என்று சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதியே சொல்கிறது. அந்த இடத்தை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். பதிவு நிற்கும் இடத்தில் ஒரு பலகைப் படம் போட்டு, ‘இதன்பின் பதிவு இல்லை, வெள்ளை வென்றது’ என்று எழுதினால் போதும்.

சரிபார்த்த ஆட்டத்தை பிஜிஎன் வடிவத்தில் அனுப்புங்கள். ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவர் 1993இல் வகுத்த வடிவம் இது. வெறும் எழுத்துக் கோப்புத்தான், எந்தச் சதுரங்க மென்பொருளும் வாசிக்கும். மேலே சதுர அடைப்புக்குறிக்குள் ஏழு விபரங்கள் வரும்: போட்டி, இடம், திகதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. திகதியில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள், இடையில் புள்ளி. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட வேண்டும்; ஊகித்து நிரப்பக்கூடாது. இதைக் கையால் எழுதவும் தேவையில்லை. லிசெஸ் என்ற சதுரங்க இணையத்தளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் நகர்த்தல்களைச் செய்தால் பலகைக்குக் கீழே பிஜிஎன் தானாக எழுதப்பட்டிருக்கும். பிரதி எடுத்தால் சரி. அங்கே காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. செஸ் டொட் கொம்மில் ஆடிய ஆட்டமானால் பகிரும் பொத்தானை அழுத்தி பிஜிஎன் பகுதியைத் தெரிவுசெய்யுங்கள்.

பிரதி எடுத்ததைக் கெடுப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியும் வேர்ட் மென்பொருளும்தான். சிறிய பி என்றால் பி நிரல் சிப்பாய், பெரிய பி என்றால் மந்திரி. பி நிரல் சிப்பாய் சி4இல் உள்ள காயை வெட்டுவதும் மந்திரி அதே காயை வெட்டுவதும் இந்த ஒரு வேறுபாட்டால்தான் பிரிகின்றன. முற்றுப்புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் இதைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். வேர்ட் நேரான மேற்கோள்குறிகளை வளைத்துவிடும். வளைந்த குறிகளோடு உள்ள தலைப்பு விபரங்களைப் பல மென்பொருள்கள் ஏற்கமாட்டா. சமநிலை முடிவில் 1/2 என்பதை ½ என்று சுருக்கிவிடும். ராஜாவும் கோட்டையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறும் காஸ்லிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிடே விதிப்புத்தகம் அதைப் பூச்சியத்தால் எழுதுகிறது, பிஜிஎன் ஓ என்ற பெரிய எழுத்தால் எழுதுகிறது. சில மென்பொருள்கள் இரண்டையும் ஏற்கும், சில பூச்சியத்தைக் கண்டதும் நின்றுவிடும். ஆகவே வேர்டைத் தவிர்த்து நோட்பாட்டில் ஒட்டி, கோப்பின் பெயர் முடிவில் புள்ளியும் பிஜிஎன் என்ற மூன்று எழுத்துகளும் வரச் சேமித்து, வட்ஸ்அப்பில் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

தமிழில் விளக்கம் எழுதுபவர்களுக்கு ஒன்று. விளக்கம் நெளி அடைப்புக்குறிக்குள்ளும் மாற்று வழிகள் சாதாரண அடைப்புக்குறிக்குள்ளும் போக வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் தெரிவாகியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகலாம். பாமினியில் எழுதிய விளக்கத்தை பிஜிஎன்னுக்குள் வைக்கவே கூடாது. மற்றவரின் திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

முழு ஆட்டம் வேண்டாம், ஒரு நிலை மட்டும் போதும் என்றால், பலகையின் நிலையை ஒரே வரியில் எழுதும் ஃபென் என்ற முறை இருக்கிறது. இந்த முறை பத்திரிகைத்துறையிலேயே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்துப் பத்திரிகையாளர் டேவிட் ஃபோர்சித் தொடங்கியதைக் கணினிக்காக எட்வர்ட்ஸ் விரித்தெழுதினார். தொடக்க நிலையின் ஃபென் வெறும் 56 எழுத்துக்குறிகள். எந்த நிலையும் 100ஐத் தாண்டாது. நெடுந்தீவில் அரைகுறைச் சிக்னலில் இருக்கும் பிள்ளைக்கும் அது உடனே போய்ச் சேரும், ரீலோட் காசும் கரையாது.

பாரிஸில் 1858இல் போல் மோர்ஃபி ஆடிய புகழ்பெற்ற ஒபேரா ஆட்டத்தின் கடைசி நிலையை எடுத்துக்கொள்வோம். ஃபென் 8ஆம் நிரையிலிருந்து கீழே வரும். ஒவ்வொரு நிரையும் ஏ நிரலிலிருந்து எச் நிரல் வரை. வெள்ளைக்குப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சிறிய எழுத்து, வெற்றுக் கட்டங்களுக்கு இலக்கம். அந்த நிலையின் 8ஆம் நிரை இப்படி வரும்: 1, சிறிய என், 1, பெரிய ஆர், சிறிய கே, சிறிய பி, 1, சிறிய ஆர். அதாவது ஏ8 வெறுமை, பி8இல் கறுப்புக் குதிரை, சி8 வெறுமை, டி8இல் செக்மேட் கொடுத்த வெள்ளைக் கோட்டை, ஈ8இல் கறுப்பு ராஜா, எஃப்8இல் மந்திரி, ஜி8 வெறுமை, எச்8இல் கறுப்புக் கோட்டை. கூட்டினால் எட்டு. சாய்கோடு போட்டு அடுத்த நிரைக்குப் போகலாம். ஒவ்வொரு நிரையும் எட்டு வருகிறதா என்று கூட்டிப் பார்ப்பதுதான் முதல் சரிபார்ப்பு. ஏழோ ஒன்பதோ வந்தால் அந்த நிரையில் பிழை.

நிரைகளுக்குப் பின் இடைவெளி விட்டு ஐந்து விபரங்கள் வரும்: யாருடைய நகர்த்தல், காஸ்லிங் உரிமை, இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை வழியில் வெட்டும் கட்டம், சிப்பாய் நகராமலும் வெட்டு விழாமலும் கழிந்த அரை நகர்த்தல்கள் (ஒரு பக்கத்தின் நகர்த்தல் ஓர் அரை நகர்த்தல்), நகர்த்தல் எண். மேற்சொன்ன ஆட்டத்தில் கறுப்பு ராஜாவும் எச்8 கோட்டையும் கடைசி வரை அசையவேயில்லை. ஆகவே தோற்ற பின்னும் ராஜா பக்கக் காஸ்லிங் உரிமை சிறிய கே என்று எழுதப்படும். பலகையை எவ்வளவு தெளிவாகப் படம் எடுத்தாலும் இது அதில் தெரியாது. ஸ்கிறீன்ஷொட்டை மட்டும் அனுப்பி ‘வெள்ளை எப்படி வெல்லும்?’ என்று கேட்பவர்கள், காஸ்லிங் உண்டா இல்லையா என்ற இடத்தில் விவாதத்தை மாட்டிவிடுகிறார்கள்.

ஃபென்னைக் கைத்தொலைபேசியில் தட்டச்சுச் செய்ய வேண்டாம், பிரதி எடுத்து ஒட்டுங்கள். தட்டினால் முதல் எழுத்தை விசைப்பலகை பெரிதாக்கிவிடும். சிறிய ஆரில் தொடங்க வேண்டிய தொடக்க நிலை பெரிய ஆரில் தொடங்கி, ஏ8இல் வெள்ளைக் கோட்டை ஒன்று முளைத்துவிடும்.

பலகைப் படத்தைப் பற்றி வடிவமைப்பாளருக்குச் சில வார்த்தைகள். வெள்ளை எப்போதும் கீழே. வலப்பக்கக் கீழ் மூலை வெளிர்க் கட்டமாக இருக்க வேண்டும். கரிய கட்டமாக இருந்தால் படம் திரும்பியிருக்கிறது, அல்லது பலகையே பிழையாக வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் பச்சையாகவோ பழுப்பாகவோ உள்ள கட்டங்கள் கறுப்புவெள்ளை அச்சில் சாம்பலாகி, கறுப்புக் காய்களை விழுங்கிவிடும். கரிய கட்டங்களைச் சாய்வான மெல்லிய கோடுகளால் நிரப்பினால் காய்கள் எழுந்து தெரியும். ஒரு கட்டம் 5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பலகை 4 சென்ரிமீற்றர், அதாவது ஒரு பத்திக்குள் அடங்கும். யூனிகோட்டில் உள்ள காய்க் குறிகளால் பலகை கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். கறுப்புச் சிப்பாயின் குறியைப் பல கைத்தொலைபேசிகள் எமோஜியாக மாற்றி வேறு அளவில் காட்டுவதால் நிரைகள் கோணலாகும்.

படத்தின் கீழே ‘வெள்ளையின் 23ஆம் நகர்த்தலுக்குப் பின், கறுப்பு நகர்த்த வேண்டும்’ என்பதுபோல ஒரு வரி கட்டாயம். ‘23க்குப் பின்’ என்று மட்டும் போட்டால் அரை நகர்த்தல் வித்தியாசத்தில் புதிரின் விடையே மாறிவிடும்.

நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் நிலையைக் குழுவில் போட்டு யோசனை கேட்பது ஏமாற்று. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தாலும் பெரியவர்கள் தடுக்க வேண்டும். சிறுவர்களின் ஆட்டங்களுக்குப் பெயரும் வயதுப் பிரிவும் போதும், பிறந்த திகதியோ தொலைபேசி எண்ணோ வேண்டாம்.

போட்டி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸ்கோர் ஷீட் ஃபிடே விதிப்படி ஏற்பாட்டாளருக்கே சொந்தம். பல இடங்களில் அது பெட்டிக்குள் போய் அங்கேயே கிடந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், தாளைக் கையளிக்குமுன் படம் எடுக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். முதல் மூன்று மேசைகளின் ஆட்டங்களையாவது அன்று மாலையே ஒருவர் கணினியில் ஏற்றி, ஒரே பிஜிஎன் கோப்பாகப் பத்திரிகைக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பலாம். ஒரு கோப்புக்குள் எத்தனை ஆட்டமும் வைக்கலாம். ஆட்டங்களுக்கிடையில் ஒரு வெற்று வரி விட்டால் சரி.

இங்ஙனம்,
சதுரங்கப் பயிற்றுநர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.