எடையைக் குறைத்து, அடியில் நிறுத்தி: நம் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களுக்கு ஒரு விளக்க மடல்

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடந்த இரண்டு வாரங்களாக நம் உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர்கள் உங்கள் எடைக் கம்பியான பாரிலிருந்து பிளேட்டுகளைக் கழற்றுவதையும், ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) அடி வரை இறங்கியபின் இரண்டு நொடி அசையாமல் இருக்கச் சொல்வதையும் கண்டு, பலர் வருத்தத்தோடும் சிலர் கோபத்தோடும் எங்களிடம் பேசினீர்கள். “100 கிலோ எடுத்துக்கொண்டிருந்த என்னை ஏன் 75-க்கு இறக்கினீர்கள்?” என்று ஒருவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. கட்டணம் செலுத்தி வருபவர்களுக்குக் காரணத்தை முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரோடு இறங்கி, நிற்காமல் துள்ளி எழும்போது அந்த எழுச்சி முழுவதும் தசையின் உழைப்பால் வருவதில்லை. இறங்குகையில் இழுபட்ட தசைநாண்கள் ரப்பர்போல மீளும் விசையும் அதில் சேர்ந்துகொள்கிறது. உண்டிவில்லை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்தாலும் விசை அப்படியே இருக்கும். உடம்பில் அப்படி இல்லை, அசையாமல் நின்ற கணத்திலிருந்தே அது கரையத் தொடங்கிவிடுகிறது. படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பருகே ஒரு நொடி தாமதித்தாலே இந்த உதவியில் பாதிக்கு மேல் போய்விடுவதைக் கண்டார்கள். துள்ளுவது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. ஓடவும் தாண்டவும் அந்த விசை வேண்டும். ஆனால் ஒவ்வொரு ரெப்பிலும் (ஒருமுறை இறங்கி எழுவது) அதையே நம்பி எழுந்தால், அடியிலிருந்து எழும் முதல் சாண் தூரத்தில் தொடையும் இடுப்பும் தாமாக உழைக்கக் கற்றுக்கொள்வதில்லை. எடை கூடும்போது பெரும்பாலானோர் தடுமாறுவதும் அந்தத் தூரத்தைக் கடக்கும்போதுதான். பஸ்கி எடுத்துப் பழகிய நம் மூத்த உறுப்பினர்களிடம் இதைத் தெளிவாகக் காண்கிறோம்: குதிகால் எழும்ப, தாளம் தவறாமல் நூற்றுக்கணக்கில் எடுக்கக்கூடியவர்கள், அடியில் நிறுத்தச் சொன்னால் பத்தாவது ரெப்பிலேயே திணறுகிறார்கள்.

அப்படியானால் வழக்கமான எடையோடே நிறுத்தலாமே என்று தோன்றும். முயன்றவர்களுக்கு நேர்ந்ததை நாங்கள் பார்த்தோம். முதுகு வளைகிறது, முழங்கால்கள் உட்புறம் சாய்கின்றன, இரண்டு நொடி என்பது அரை நொடியாகிவிடுகிறது. எடை குறைவாக இருந்தால்தான் அந்த நிறுத்தம் உண்மையான நிறுத்தமாக இருக்கும்; பாதத்தின் எப்பகுதியில் பாரம் விழுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை உணரவும் அப்போதுதான் அவகாசம் கிடைக்கும். 100 கிலோவில் ஐந்து ரெப் எடுப்பவர் 70 அல்லது 75 கிலோவில் தொடங்கி, மூன்று ரெப்பாக நான்கு செட் (சுற்று) செய்து, வடிவம் கெடாத வரையில் வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டினால் போதும்.

நிறுத்தும்போது தளர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது; வயிற்றை இறுக்கி, மூச்சைப் பிடித்து, எழத் தயாரான நிலையிலேயே இருக்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் பார் மார்பைத் தொட்டு அசைவற்று இருக்க வேண்டுமே தவிர, மார்பின்மேல் சாய்ந்து படுத்துவிடக் கூடாது. நொடிகளை நீங்களே எண்ணாமல் அருகில் நிற்பவரை எண்ணச் சொல்லுங்கள், ஏனெனில் பாரத்தின் அடியில் இருப்பவர் வேகமாகவே எண்ணுவார். பவர்லிஃப்டிங் போட்டிகளில், பார் மார்பில் அசையாமல் நின்றபின் நடுவர் ‘பிரஸ்’ என்று சொன்ன பிறகே மேலே தள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஒரு போட்டிக்குப் போன நம் உறுப்பினர் ஒருவர், இங்கே எளிதாகத் தள்ளிக்கொண்டிருந்த எடையை, குரல் வரும்முன் தள்ளியதால் மூன்று முயற்சிகளிலும் இழந்து திரும்பினார். அவரை அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான் என்பது எங்களை இன்றும் உறுத்துகிறது. தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு நொடி நிறுத்தினால் போதும்.

இது கனமான எடைக்கு மாற்று அன்று. உச்ச பலம் அதிகரிக்க வேண்டுமானால் கனமான எடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே இந்தப் பயிற்சி ஆறு வாரங்களுக்கு மட்டுமே. அதன்பின் பழைய எடைகளுக்குப் படிப்படியாகத் திரும்புவோம். போட்டிக்கு நாள் குறித்துத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் அட்டவணையை மாற்ற வேண்டாம். மாஸ்டரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். மூச்சைப் பிடித்துப் பாரம் தாங்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயரும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகிய எது இருந்தாலும், மருத்துவர் சரியென்று சொல்லும் வரை இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். எங்களிடம் சொல்லத் தயங்கவும் வேண்டாம். உங்களுக்கு ஏற்ற வேறு பயிற்சியை எழுதித் தருகிறோம்.

நிறுத்திச் செய்யும் செட்டுகள் கூடுதல் நேரம் எடுப்பதால், மாலை 6 முதல் 8 மணி வரை ஸ்குவாட் ரேக்கில் இருவர் இருவராக மாறி மாறிச் செய்யும்படி வேண்டுகிறோம். எடை, ரெப், நொடி ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, சனிக்கிழமைதோறும் மாஸ்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
கூடப் பொறுப்பாளரும் மாஸ்டர்களும்