ஆரஞ்சு நிற ஒயரைத் தொடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 2024 அக்டோபரில் அந்த வரிசையில் எங்கள் வீட்டுக் காரும் நின்றது. வசதி உள்ளவர்கள் பாலத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று பலருக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் முந்தைய ஆண்டு என் கண்முன்னால் நடந்ததற்குப் பிறகு, காரைக் கீழே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தில் நனைந்த ஹைபிரிட் காரில் எதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லித் தராத இழுவை வண்டிப் பையன்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்களுடையது லெக்சஸ் என்எக்ஸ் 300எச். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் எஸ்யூவி. மகன் 2021-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். என் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. குனியாமல் ஏற வேண்டும், குலுங்காமல் போக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய செலவு. கிண்டி நெரிசலில் எஞ்சின் அணைந்து பேட்டரியில் வண்டி நகரும்போது, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்பாள். ஊருக்குள் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் தருகிறது. காரைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி, காரின் கதவுக்குள்ளும் புகுந்துவிட்டது. வடிந்த பிறகு மகன் ஸ்டார்ட் பட்டனைத் தொடவில்லை. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாவது நாள் இரண்டு பேர் வந்தார்கள்.

அதில் ஒருவன் சின்னப் பையன், இருபது வயது இருக்கலாம். அரைக்கால் சட்டை, வெறுங்கால், கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நிற்கிறான். "சீட்டுக்கு அடியில தண்ணி நிக்குது சார், எடுத்து விட்டுடறேன்" என்று பின்சீட்டைத் தூக்கினான். அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஆரஞ்சு நிற ஒயர். ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு, "இதக் கழட்டிடலாமா சார்?" என்று கேட்டான். நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மின்வாரியத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எல்.சி. (லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்காமல், எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) போடாமல் எந்த லைன்மேனும் கம்பியைத் தொடக் கூடாது என்று தினமும் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன். அந்தச் சீட்டுக்கு அடியில் இருந்தது 200 வோல்ட்டுக்கு மேல் உள்ள பேட்டரி. அவன் பிடித்த ஆரஞ்சு ஒயர் அதனுடையது. வீட்டு மின்சாரத்தை விட பேட்டரியிலிருந்து வரும் இந்த டி.சி. மின்சாரம் சாது என்று நினைக்க வேண்டாம். முறையாகச் செய்வதென்றால் வண்டியை அணைத்து, காப்புக் கையுறை போட்டு, பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிவிட்டு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பது இறங்க பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அந்தப் பையனிடம் கையுறை இல்லை. சொல்லித் தரவும் ஆள் இல்லை.

யாரும் பயந்துவிட வேண்டாம், ஹைபிரிட் கார் தண்ணீரில் நிற்பதால் மட்டும் அதன் உடம்பில் ஷாக் அடிக்காது. அந்த ஒயர்கள் பாடியோடு சேராமல் தனியாகப் பிரித்துத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. வெட்டுவதிலும் கழற்றுவதிலும்தான் ஆபத்து.

அப்புறம், அவர்கள் கொண்டுவந்தது முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டிப் பின்சக்கரத்தில் உருட்டிப் போகும் வண்டி. எங்கள் காரில் பின்னாலும் ஒரு மோட்டார் உண்டு. சக்கரம் உருண்டால் அந்த மோட்டார் ஜெனரேட்டர் போல மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் பிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். இதைச் சொன்னதற்கு, அந்தப் பையனோடு வந்த பெரியவர் கோபித்துக்கொண்டார். பிளாட்பெட் கிடைக்க இன்னும் நான்கு நாள் ஆனது. எஞ்சினுக்குத் தனிக் காப்பீடு எடுத்திருந்தோம். பேட்டரி அதில் சேராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கார் வைத்திருப்பவர்கள் பாலிசியை இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டி சத்தமில்லாமல் நின்றால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர்களுக்கும் வாட்டர் வாஷ் பையன்களுக்கும் இதை நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கார் பிழைத்துவிட்டது. செலவு எங்களோடு போகட்டும். வெள்ளம் வடிந்ததும் முதலில் இந்த வண்டிகளில் கை வைப்பவர்கள் இழுவை வண்டிப் பையன்களும் தெருமுனை மெக்கானிக்குகளும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு நாள் வகுப்பு எடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கிண்டி அரசு ஐ.டி.ஐ. போன்ற இடமே போதும். ஆளுக்கு ஒரு ஜோடி காப்புக் கையுறையும் கொடுக்கட்டும். பாடம் நடத்த ஆள் வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர்கள் ஊர் முழுக்க இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், நான் முதல் ஆளாக வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய உதவிப் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை.