கார்ப் பட்டியலோடு கணக்கின் விபரத்தையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் வாகனப் பக்கத்தில் அண்மையில் வந்த 'அதிகம் விற்பனையான கார்கள்' பட்டியல் பற்றி எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்து, "அண்ணை, இதில முதலாவதா நிக்கிற காரை எடுக்கட்டோ?" என்று கேட்கிற ஆக்கள் இருக்கிறார்கள். நெல்லு வித்த காசை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, வருடக்கணக்காகத் தவணை கட்டப்போகிற சனம். எந்த நாட்டுக் கணக்கு, எதை எண்ணி அந்த வரிசையைப் போட்டீர்கள் என்று பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இந்தியாவில் கம்பனிகள் மாதாமாதம் வெளியிடும் தொகை பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிய கார்களின் தொகை. வாங்க ஆளில்லாமல் நிலையத்தின் முற்றத்தில் நின்றாலும் அது விற்ற கணக்குத்தான். அங்குள்ள விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு, அரசாங்கத்தில் பதிவான கார்களை வைத்து வேறொரு கணக்குச் சொல்கிறது. தீபாவளிக்கு முன்னர் கம்பனிகள் அள்ளி அனுப்பும்போது இரண்டுக்கும் இடையில் நல்ல இடைவெளி விழும்.

எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதும் முக்கியம். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினால் இந்தியாவில் முதலிடம் டாட்டா பஞ்ச். 2 இலட்சத்து 2 ஆயிரத்தைத் தாண்டியது. மாருதி சுசுகியின் வேகன் ஆர் 1 இலட்சத்து 91 ஆயிரத்துக்குக் கிட்டத்தான் வந்தது. அதையே அவர்களுடைய நிதியாண்டுப்படி, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை எண்ணினால் வேகன் ஆர் முதலிடம், பஞ்ச் இரண்டாமிடம். இரண்டு தலைப்பும் உண்மை. ஒன்றை மட்டும் பார்க்கிறவன் என்ன முடிவுக்கு வருவான்?

சரி, வேகன் ஆர்தான் முதலாவது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே விற்கிற வேகன் ஆரில் இருப்பது 998 அல்லது 1197 சிசி எஞ்சின். எங்கள் ஏ9 வீதியில் ஓடுகிறவற்றில் அநேகமானவை ஜப்பானிலிருந்து வந்த 658 சிசி வண்டிகள். பெயர் ஒன்று, கார் வேறு. கடையில் பிரேக் பேட் கேட்டு வந்தால் முதலில் செசி இலக்கத்தைத்தான் கேட்போம். எம்எச்55எஸ் என்று தொடங்கினால் ஜப்பான் ஹைபிரிட். எம்ஏ3 என்று தொடங்கினால் இந்திய வண்டி. ஒன்றின் சாமான் மற்றதுக்குச் சரிவரும் என்று நம்பி வாங்க முடியாது. இந்தியப் பட்டியலைப் பார்த்து, சாமான் தாராளமாகக் கிடைக்கும் என்று ஜப்பான் வண்டியை எடுக்கிறவருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜப்பானிலும் 660 சிசிக்கு உட்பட்ட சின்னக் கார்களை ஒரு சங்கமும் மற்றவற்றை இன்னொரு சங்கமும் எண்ணுகின்றன. ஒரு பட்டியலில் ஹொண்டா என்-பொக்ஸ் முன்னுக்கு நிற்கும். மற்றதில் அதன் பெயரே இராது. 2021இல் ரொயோட்டா யாரிஸ் முதலிடம் பிடித்தபோது, உடம்பே வேறான யாரிஸ் குரொஸும் அதே பெயரின் கீழ்தான் எண்ணப்பட்டது.

எங்கள் நாட்டுக் கணக்கு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. இங்கே எண்ணப்படுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நடக்கும் முதற்பதிவு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பதிவே மிகக் குறைவு. அதோடு ஒப்பிட்டு 'விற்பனை பல மடங்கு அதிகரிப்பு' என்று தலைப்புப் போட்டால், கதவு திறந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அந்த ஐந்து வருடமும் வன்னிக்குக் கார் வராமலா இருந்தது? கொழும்பிலும் குருநாகலிலும் ஓடிய கார்கள் கைமாறி வந்துகொண்டேதான் இருந்தன. பரந்தன், விசுவமடு, மாங்குளம், துணுக்காய்ப் பக்கம் ஓடுகிற கார்களில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான். உரிமை மாற்றம் எதுவும் முதற்பதிவுக் கணக்கில் சேராது. பெயரை மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் வைத்து ஓடுகிறவை இன்னும் மோசம். அவற்றின் விலாசம் கொழும்பிலேயே கிடக்கும். டபுள் கப்பும் (பின்னால் சாமான் பெட்டி வைத்த இரட்டை இருக்கை வரிசை வண்டி) வானும், ஆளும் சாமானும் ஏற்றும் இரட்டைப் பாவனை வாகனமாகப் பதிவாவதால் காருக்கான வரிசையில் அவற்றுக்கும் இடமில்லை. வயலுக்கும் கடற்கரைக்கும் போய்வர எங்கள் சனம் ஆசைப்படுவது அவற்றைத்தான்.

பட்டியலை நிறுத்தச் சொல்லவில்லை, அதை ஆசையாக வாசிக்கிறவர்களில் நானும் ஒருவன். அதன் கீழே இரண்டு வரி சேருங்கள்: எந்த நாட்டுக் கணக்கு, யார் எண்ணியது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அனுப்பியதா பதிவானதா, எந்தெந்த வகைகள் ஒரே பெயரின் கீழ் அடக்கம். முடிந்தால் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, உரிமை மாற்றங்களின் மாவட்ட வாரியான தொகையைத் திணைக்களத்திடம் கேட்டு வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்குக்கும் அந்தத் தொகை வந்தால், அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் நானே ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி.