'வேண்டாம்' என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்காக நாங்கள் எடுத்த காட்டுயிர்த் தொடரின் முதல் பருவம் ஒளிபரப்பாகி முடிந்துவிட்டது. கடைசியில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் யாராலும் எதையும் படித்திருக்க முடியாது. உங்களில் சிலர் பெயரே போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். இயக்குநராக நான் எழுதினாலும், இது குழு முழுவதும் சேர்ந்து சொல்லும் நன்றி.

விலங்குகளை விரட்டாமல், தொந்தரவு செய்யாமல் எடுத்திருக்கிறீர்கள் என்று பெற்றோர் பலர் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேர வேண்டியது. போன இடமெல்லாம் யாராவது ஒருவர் 'இது வேண்டாம்' என்று எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அப்படி நீங்கள் நிறுத்தியதால்தான் இந்தத் தொடர் பிள்ளைகள் பார்க்கத் தகுந்ததாக வந்திருக்கிறது.

முதலில் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தோம். துணியால் வாய் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருந்த அந்த அறையை எங்கள் ஒளிப்பதிவாளரால் இன்னும் மறக்க முடியவில்லை. கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் பாம்பைக் கடிக்க வைத்து, மஞ்சளாக வழியும் நஞ்சை எடுக்கும்போது, உங்கள் கை ஒரு முறைகூட அவசரப்படவில்லை. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மட்டுமே வைத்திருப்பதையும், வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி மறுபடியும் வெளியில் விடுவதையும் பார்த்த பிறகு, எங்கள் கதையின் போக்கையே மாற்றினோம். பயமுறுத்தும் பகுதியாக எழுதி வைத்திருந்ததை, பாம்புக்கடிக்கு மருந்து வரும் வழியைச் சொல்லும் பகுதியாக்கினோம்.

அப்புறம் அந்த முக்கியமான விஷயம். தொடருக்கு விளம்பரம் தர வந்த ஒருவர், பிள்ளையின் கையில் பாம்பைக் கொடுத்து ஒரு காட்சி வேண்டும் என்றார். உங்களில் மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். "டிவியில பாத்த பிள்ளை நாளைக்குக் கொல்லையில வர்ற பாம்பத் தொடும், அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றார். அந்த விளம்பரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் துளியும் இல்லை. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டபோது பிழைப்பை இழந்த சமூகம், 1978இல் சங்கம் அமைத்து, இன்று நாடு முழுவதும் உயிர் காக்கும் மருந்துக்கு நஞ்சு தருகிறது. உங்களில் இருவருக்கு, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும், 2023இல் பத்மஸ்ரீ கிடைத்ததை அந்தப் பகுதியின் முடிவில் சேர்த்தபோது, படத்தொகுப்பு அறையில் எல்லோரும் கை தட்டினோம்.

சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டைகளைத் தேடிக் காக்க 'ஆமை நடை' போகும் மாணவர்களே, தம்பி தங்கைகளே! 1988 முதல் ஆண்டுக்கு ஆண்டு கை மாறி வரும் வேலை உங்களுடையது. தை பிறந்ததிலிருந்து கோடை வரை, ஊர் தூங்கும் நேரத்தில் மணலில் நடக்கிறீர்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டதும் அதன் ஆழத்தையும் வாயகலத்தையும் கையால் அளந்து, அதே மாதிரி இன்னொரு குழியைப் பொரிப்பகத்தில் தோண்டியதை ஒருவர் விடாமல் எங்களுக்குக் காட்டினீர்கள். வெள்ளை விளக்கு கூடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்து நடக்கும். நம் விளக்கைப் பார்த்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடும். ஆகவே அந்தக் காட்சி இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும்தான் வந்தது. வெளிச்சம் போதவில்லையே என்று ஒளிபரப்புகிறவர்கள் கேட்டார்கள். காரணத்தைப் பின்னணிக் குரலிலேயே சொல்லிவிட்டோம். பிள்ளைகள் அதிகம் கடிதம் எழுதியது அந்தப் பகுதிக்குத்தான் என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

படகில் ஏற்றிப்போன மீனவ அண்ணன்களையும் இங்கே நினைக்கிறோம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரை ஒதுங்கியபோது பழி முழுவதும் பொதுவாக 'மீனவர்' மேல் விழுந்தது. விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலைக்கும் சிறு படகின் வலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி கேமரா முன்னால் விளக்கியவர்கள் நீங்கள். சிக்கிய ஆமைக்காக வலையை அறுத்தால் நட்டம் உங்களுக்குத்தான். அதைச் செய்தும் காட்டினீர்கள்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலையோரம் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்களுக்கும் நன்றி. ஒரு பிஸ்கட்டை நீட்டியிருந்தால் சிங்கவால் குரங்கு கேமராவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் விடவில்லை. தின்பண்டத்துக்குப் பழகினால் அது சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும் என்றீர்கள். பழைய தீயணைப்புக் குழாயால் மரத்துக்கு மரம் கட்டிய பாலத்தின் கீழே, மழையில், குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கடைசியில் ஒரு தாய், வயிற்றோடு ஒட்டிக்கொண்ட குட்டியைச் சுமந்தபடி பாலத்தில் ஏறியது. நடுவில் நின்று கீழே ஓடும் பேருந்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் போனது. தொடரின் முகப்பில் ஒவ்வொரு வாரமும் வந்தது அந்தக் காட்சிதான்.

எங்கள் ஒலிப்பதிவாளருக்கும், பறவைக் குரல்களைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆசிரியருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாக் காட்டுக்கும் ஒரே மாதிரி கூவல் போட்டுவிடுவது எளிது. அந்த ஆசிரியர் ஒவ்வொரு பகுதியையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அந்த ஊரில், அந்தப் பருவத்தில் கேட்கும் ஒலியை மட்டுமே அனுமதித்தார். நத்தைகுத்தி நாரை வளர்ந்த பிறகு பெரிதாகக் கத்துவதில்லை, அலகைத்தான் தட்டும். அந்தத் தட்டல் ஒலியைப் பதிவு செய்ய விடியற்காலையில் கண்மாய்க்கரைக்குப் போனதும் அவர் சொல்லித்தான்.

பயணத்தில் பள்ளிப் பாடத்தையும் சேர்த்துக் கவனித்துக்கொண்ட எங்கள் இரண்டு குட்டித் தொகுப்பாளர்களின் பெற்றோருக்கும், அனுமதி ஆணையோடு வழிகாட்டிகளையும் தந்த வனத்துறையினருக்கும், சமைத்துப் போட்ட அம்மாக்களுக்கும் நன்றி.

கடைசியாகக் கொள்ளுக்குடிப்பட்டி ஊராருக்கு. சிவகங்கை மாவட்டத்தில் உங்கள் வேட்டங்குடி கண்மாய் 1977இல் சரணாலயமானது. அங்கே கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்று பல பத்தாண்டுகளாக நீங்கள் கட்டுப்பாடாக இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, ஒரு சிறுமி, குஞ்சு பயந்து கூட்டிலிருந்து விழுந்துவிடுமே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே ஒரு பெரியம்மா வந்து, "அது சத்தம் போடுமாப்பா?" என்று கேட்டார். போடும் என்றோம். அப்படியே பைக்குள் வைத்துவிட்டோம்.

உங்களுக்கு வாக்குக் கொடுத்தபடி எல்லாப் பகுதிகளையும் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். திரையிடலைக் கண்மாய்க்கரையில் வைக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே, ஒலிபெருக்கி இல்லாமல் வைத்துக்கொள்வோம். தேதியை நீங்களே குறித்துச் சொல்லுங்கள், குழுவோடு வந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
தொடர்க் குழுவினர் சார்பில்,
இயக்குநர்