வென்றவருக்கு வெள்ளி: விடைக்குறிப்பு தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினாப் போட்டிகளுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் பெருமக்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் நடந்த இறுதிச் சுற்றில், 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டுதலில் முதலிடம் பெற்ற ஜேம்ஸ் கனொலிக்கு எந்தப் பதக்கம் வழங்கப்பட்டது என்று கேட்கப்பட்டது. நான் பயிற்சி அளித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி "வெள்ளி" என்றாள். குறிப்பில் "தங்கம்" என்றிருந்ததால் விடை தவறென்று அறிவித்தார்கள். முறையிடச் சென்ற என்னிடம், நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதக்கத்தை அவள் தன் நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள். பிரெஞ்சுச் சிற்பி ஷாப்லான் வடிவமைத்த அதன் ஒரு பக்கத்தில் தாடியுடன் கிரேக்கக் கடவுள் ஜீயஸின் முகமும், அவர் கையிலுள்ள உருண்டையின் மேல் வெற்றித் தெய்வம் நைக்கியும், மறுபக்கத்தில் அக்ரோபொலிஸ் குன்றும் இருக்கின்றன. படத்துக்குக் கீழே "வெள்ளி, 48 மி.மீ." என்று குறித்திருக்கிறாள். மேடையிலிருந்து இறங்கியவள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "அப்ப இதை அழிச்சிடணுமா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஏதென்ஸில் வென்றவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் சான்றிதழும் கிடைத்தன; இரண்டாமவருக்கு வெண்கலம்; மூன்றாமவருக்குப் பதக்கமே இல்லை. 1900 பாரிஸில் பதக்கம் செவ்வக வடிவில் இருந்தது, பலருக்குக் கோப்பைகளே தரப்பட்டன. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில்தான் தொடங்கியது. முந்தைய இரு போட்டிகளின் முதல் மூன்று இடங்களுக்கும் சர்வதேச ஒலிம்பிக் குழு பிற்காலத்தில்தான் இந்த வரிசையைப் பொருத்தியது. ஆகவே பட்டியலில் கனொலிக்குத் தங்கம் என்றிருப்பது அவர் பிடித்த இடத்தைச் சொல்கிறது. அவர் கையில் வாங்கியது வெள்ளிதான். எது "வழங்கப்பட்டது" என்று வினவினால் வெள்ளியைச் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

இந்த அலட்சியம் ஒரு வினாவோடு நிற்கவில்லை. பயிற்சி நூல்களில் அக்கால வீரர்கள் கழுத்தில் பதக்கம் தொங்க நிற்பதாகப் படம் போடுகிறார்கள். வென்றவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டும் வழக்கம் 1960 ரோமில்தான் வந்தது. பிழை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வதில் இழிவு எதுவும் இல்லை. இத்தாலியச் சிற்பி காசியோலி 1928 ஆம்ஸ்டர்டாம் பதக்கத்தில் நைக்கிக்குப் பின்னால் ரோமானியக் கொலோசியத்தைப் பொறித்தார். கிரேக்க விளையாட்டின் பதக்கத்தில் 2000 சிட்னி ஒலிம்பிக் வரை நீடித்த அந்த ரோமானிய அரங்கையே 2004 ஏதென்ஸில் எடுத்துவிட்டு, ஏதென்ஸிலேயே உள்ள கிரேக்க அரங்கான பானதினைக்கோவைப் பொறித்தார்கள். உலோகத்தில் வார்த்ததை மாற்ற முடிந்ததென்றால், தாளில் அச்சிட்ட ஒரு சொல்லைத் திருத்த ஏன் இத்தனை தயக்கம்?

வேகத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். பரிசை மாற்றித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. விடைக்குறிப்பில் வெள்ளி என்று திருத்தி, அவள் சொன்னது சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அந்தத் தாளை அவள் நோட்டின் அதே பக்கத்தில் ஒட்டிக்கொடுப்பேன்.

இங்ஙனம்,
பயிற்சி அளித்த ஆசிரியை