பத்துமலைக் குகையில் ஓர் உயிரியல் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்காக வந்த சூழலியல் குறிப்பைப் படித்தேன். வாழிடம், இனத்தொகை, சமுதாயம், சூழல் மண்டலம் என ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான விளக்கம் இருந்தது. தேர்வுக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் எடுத்துக்காட்டு மறுபடியும் அதே புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகுதான். இந்தச் சங்கிலியைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும் பிள்ளையிடம், "வெயிலே படாத இடத்தில் உணவுச் சங்கிலி எங்கிருந்து தொடங்கும்?" என்று கேட்டால் விழிக்கிறது. பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கான விடை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் போய்வரும் பத்துமலையிலேயே இருக்கிறது.

272 படிகளில் ஏறும்போது, கோயில் குகையை எட்டுவதற்குமுன் இடப்பக்கம் ஒரு வழி பிரியும். அது இருட்டுக் குகைக்குப் போகிறது. உள்ளே கொஞ்ச தூரம் போனாலே கும்மிருட்டு. பச்சைச் செடி எதுவும் அங்கே வளராது. அப்படியிருந்தும் குகை முழுக்க உயிர்கள்! வௌவால்கள் இரவில் வெளியே போய் இரை தேடித் தின்றுவிட்டு வந்து உள்ளே எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. கரப்பான்களும் சின்னஞ்சிறு பூச்சிகளும் அதை மேய்கின்றன. இவற்றைச் சிலந்திகளும் நீண்ட கால் பூரான்களும் பிடித்துத் தின்கின்றன. வௌவாலையே பிடிக்கும் பாம்பும் அங்கு உண்டு. லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற அரிய சிலந்தி, குகைச் சுவரில் நூல்குழல் கட்டி, அதற்கு மூடி போட்டு, வாசலில் சில இழைகளை விரித்துவைத்துக் காத்திருக்கும். ஏதாவது பூச்சி இழையில் கால் வைத்தால் போதும், பாய்ந்து பிடித்துவிடும். மிகப் பழமையான சிலந்தி வகையைச் சேர்ந்த உயிர் அது.

அப்படியானால் உற்பத்தியாளர், அதாவது வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கும் உயிர், எங்கே? குகைக்கு வெளியே, காட்டிலும் தோட்டத்திலும் இருக்கிற மரங்கள்தாம். வெயிலில் சேர்ந்த ஆற்றலை வௌவால் இருட்டுக்குள் கொண்டுவருகிறது. சூழல் மண்டலத்துக்கு எல்லை போடுவது நாம். ஆற்றலும் சத்துகளும் அந்த எல்லையைத் தாண்டி வந்து போய்க்கொண்டே இருக்கும். பாடநூல் விளக்கத்தை நூறு முறை படித்தாலும் மனத்தில் பதியாத இந்தக் கருத்து, இந்த ஒரு குகையைச் சொன்னால் பதிந்துவிடும். உணவுச் சங்கிலியில் ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குச் சுமார் 10 விழுக்காடு ஆற்றல்தான் போய்ச் சேர்கிறது என்ற விதியும் அப்படித்தான். கரப்பான்கள் மொய்க்கும் குகையில் பாம்புகள் ஏன் சிலவே என்று யோசிக்கிற பிள்ளைக்கு, மேலே போகப் போக ஆற்றல் குறைவதைக் காட்டும் பிரமிட் படத்தை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

உங்கள் குறிப்பில் வாழிடத்தையும் ஓர் உயிர் அங்கே வகிக்கும் பங்கையும் ஏறக்குறைய ஒன்றாகவே விளக்கியிருந்தீர்கள். இதை அவசியம் திருத்த வேண்டும். இந்தக் குன்றிலேயே பூச்சி தின்னும் வௌவாலும் இருக்கிறது, பூந்தேன் குடிக்கும் வௌவாலும் இருக்கிறது. தங்குமிடம் ஒன்று, உணவும் செய்யும் வேலையும் வேறு. தேன் குடிக்கும் குகை வௌவால்தான் டுரியான் பூக்களுக்கும் பெத்தாய் (நீண்ட காய்களில் விளையும் ஒருவகை மர அவரை) பூக்களுக்கும் மகரந்தம் சேர்க்கிறது. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும், அதனால் இரவில் வரும் விருந்தாளி அதற்கு அவசியம். ஆனால் டுரியான் ஆண்டு முழுக்கவா பூக்கிறது? மற்ற மாதங்களில் இந்த வௌவால்களுக்குக் கடலோரச் சதுப்புநில மரங்களின் பூக்களும் கைகொடுக்கின்றன. அதற்காக ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து போய்த் திரும்புகின்றன. சதுப்புநிலக் காட்டை வெட்டினால் டுரியான் தோட்டக்காரருக்கு ஏன் வயிறு கலங்க வேண்டும் என்பது இப்போது புரியும். உணவு வலை, இருவருக்கும் பயன் தரும் உறவு, மனிதச் செயலின் தாக்கம் மூன்றுக்கும் இந்த ஒரு வௌவாலே போதும்.

இருட்டுக் குகை 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அந்த உயிர்களின் பாதுகாப்பை நினைத்தால் நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காகப் பாடமும் மூடிக்கிடக்க வேண்டியதில்லை. சதுப்புநிலத்தை நேரில் பார்க்க கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே மழைக்காட்டைப் பார்க்க புக்கிட் நானாஸ் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பையும் இப்படி ஓர் இடத்தோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், விளக்கங்களுக்குக் கீழே ஒரு கேள்வியும் போடலாம். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: குகை வௌவால்கள் எல்லாம் அழிந்துபோனால், குகைக்குள்ளே எந்த உயிர் முதலில் குறையும், குகைக்கு வெளியே எது குறையும்? பிள்ளைகள் அனுப்பும் பதில்களில் நல்லவற்றை அடுத்த வாரம் அச்சிடுங்கள். திருத்தித் தர நான் தயார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்