நல்ல தண்ணிக் குளியல்

மண்டபம்

பாப்பாவுக்கு,

போன்ல நீ சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சேன். நம்ம பழைய அம்பாசடர் காரைப் பட்டறையில விட்டு, மணல் அடிச்சு பெயிண்டை ஒரே நாள்ல உரிச்சுரலாம்ன. சக்கர ரிம்முக்கு அது சரி. பானட், கூரை மாதிரி அகலத் தகட்டுல அந்த வேகத்துல மணல் பட்டா நெளிஞ்சுரும், நெளிஞ்சதை லேசுல நிமுத்த முடியாது. அதான் வேப்பமரத்தடியில பெயிண்ட் ரிமூவரும் உப்புத்தாளுமா நானே உக்காந்துட்டேன். ரிமூவரைத் தடவினா கொஞ்ச நேரத்துல பெயிண்ட் அப்பளமாக் கொப்புளிக்குது. சுரண்டினா வெள்ளை, அதுக்கடியில பச்சை, அதுக்கும் அடியில செங்காவி பிரைமர்னு சுருண்டு வருது. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னு தெரியும், திட்டாத. முகமூடி போட்டு, தாளை நனைச்சுத்தான் தேய்க்கிறேன்.

முன்கதவுக்குக் கீழ சுரண்டினப்பதான் வயித்தைக் கலக்கிருச்சு. பள்ளம் அடைக்கிற பட்டிப் பூச்சு, விரல் தண்டிக்கு இருக்கு. பேத்தா உள்ள தகடே இல்ல. பேப்பரைத் திணிச்சு மேல பூசிவிட்டிருக்கான் ஒரு புண்ணியவான். அம்பாசடருக்கு அடியில சேசிஸ்னு தனிச் சட்டம் கிடையாது, பாடிதான் எலும்பு. இந்த ஓட்டையோடதான் உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு பாம்பன் பாலத்துல போயிருக்கேன்.

அவனை மட்டும் சொல்லி என்ன செய்ய? ராமேஸ்வரம் சவாரி முடிஞ்சு வந்து, கடக்காத்து உப்பு போகட்டும்னு தினம் போர்த் தண்ணியில கழுவுனேனே, அந்தத் தண்ணியே உப்பு. கதவுக்கடியில தண்ணி வடியிற ஓட்டை மண்ணடைச்சுக் கிடந்திருக்கு. இருபது வருஷமா உப்புத் தண்ணியை நானே உள்ள ஊத்தி வச்சிருக்கேன். 1914-ல திறந்த பாம்பன் இரும்பு ரயில் பாலமே உப்புக்காத்துல துருவேறி, 2022-ல அதுல ரயிலை நிறுத்திட்டாங்க, இந்தத் தகடு எம்மாத்திரம்.

இப்ப துருவைக் கம்பி பிரஷ்ல தேச்சு எடுத்ததும், குடத்துல வாங்குற நல்ல தண்ணியில ரெண்டு தரம் கழுவுறேன். சின்னக் குழியில உப்பு நின்னாலும் பெயிண்டுக்கு அடியில திரும்பப் பூத்துரும். கழுவின கையோட துடைச்சு, சூடு காட்டி, அன்னைக்கே எபாக்சி பிரைமர் அடிச்சாகணும். ஒருநாள் அசந்துட்டேன். விடிஞ்சு பாத்தா பானட் முழுக்க மஞ்சத்தூள் தூவின மாதிரி துரு! மறுபடி முதல்லேர்ந்து. "குடிக்கிற தண்ணியில காருக்குக் குளிப்பாட்டு நடக்குது"ன்னு உங்கம்மா குடத்தை எண்ணி வைக்க ஆரம்பிச்சுட்டா.

கலர் கேட்டிருந்த. அதுக்கு இன்னும் நாள் கிடக்கு, முதல்ல ஓட்டைக்குத் தகடு வெட்டி வெல்டு வைக்கணும். இந்த மாசம் பணம் அனுப்புறப்ப தண்ணிக்குன்னு கொஞ்சம் சேத்துப் போடு. அம்மாகிட்டச் சொல்லிராத.

அப்பா